லைனில் நிற்கும் டிரெய்லருக்கு எந்த செட்? ஒரு கேபின் ஆடியோ மாற்றத்தின் முழு விவரம்

கன்டெய்னர் டிரெய்லர் கேபின் பாதி நேரம் வண்டி, பாதி நேரம் வீடு. மணலியில் பெட்டி ஏற்றிக்கொண்டு எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் சென்னைத் துறைமுக வரிசையில் சேர்ந்துவிட்டால், இன்ஜினை அணைத்துவிட்டு உட்கார வேண்டியதுதான். டிரைவரும் கிளீனரும் அங்கேயே சாப்பிட்டு, அங்கேயே ஒருவர் மாற்றி ஒருவர் தூங்கி, வரிசை நகரும்போது நகர வேண்டும். காரில் ஆடியோ செட் வண்டி ஓடும்போது பாடினால் போதும். இந்தக் கேபினில் செட் அதிகம் பாடுவது வண்டி நிற்கும்போது. கார் செட் வாங்கும் கணக்கை இங்கே அப்படியே போட்டால் பேட்டரிதான் பலியாகிறது. இந்த ஆய்வில் வரும் வண்டியிலும் அதுதான் நடந்தது.

வண்டி, 40 அடி டிரெய்லரை இழுக்கும் 24 வோல்ட் ப்ரைம் மூவர். சீட்டுக்குப் பின்னால் குறுக்காக ஒரு பர்த். பேட்டரிகள் 12 வோல்ட், 120 ஆம்பியர்-அவர், இரண்டு. மணலி, சென்னைத் துறைமுகம், காட்டுப்பள்ளி என்று ஓட்டம். மாதத்தில் பாதி இரவு கேபினில். புகார் மூன்று: காலையில் செல்ஃப் எடுப்பதில்லை, ஒரு பேட்டரியில் மட்டும் தண்ணீர் சீக்கிரம் வற்றுகிறது, ஆக்சிலரேட்டர் மிதித்தால் ஸ்பீக்கரில் “கொய்ங்” என்று சத்தம் ஏறுகிறது. டிரைவர் கேட்டது ஒரே வரி: “பாட்டு வேணாம்னு சொல்லலண்ணா. காலைல செல்ஃப் எடுக்கணும், அவ்ளோதான்.”

முதலில் அளந்தவை

ஏற்கெனவே இருந்தது ஒரு 12 வோல்ட் கார் செட், ஒரு நான்கு சேனல் ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்), பர்த்துக்கு மேல் பெட்டியில் இரண்டு ஓவல் ஸ்பீக்கர், சீட்டுக்கு அடியில் ஒரு வூஃபர். எல்லாவற்றுக்கும் கரண்ட் எர்த் பக்கத்து பேட்டரியிலிருந்து மட்டும் எடுக்கப்பட்டிருந்தது.

ஓர் இரவு நின்ற பிறகு, இன்ஜின் போடாமல் மல்டிமீட்டரில் பார்த்தபோது எர்த் பக்கத்து பேட்டரி (இனி கீழ்ப் பேட்டரி) 11.9 வோல்ட், மற்றது (மேல் பேட்டரி) 12.7 வோல்ட். இன்ஜின் ஓடும்போது மொத்தம் 28.2. அதில் கீழ்ப் பேட்டரிக்கு 13.1, மேல் பேட்டரிக்கு 15.1. மூன்று புகாரில் இரண்டுக்கு விடை இந்த எண்களிலேயே இருக்கிறது.

இரண்டு பேட்டரிகள் தொடராக இருக்கும்போது நடுவிலிருந்து ஒரு வயர் இழுத்தால் 12 வோல்ட் கிடைத்துவிடும், 24-ஐ 12 ஆக்கும் கன்வர்ட்டரின் செலவு மிச்சம். அதனால்தான் பல வண்டிகளில் இப்படிச் செய்கிறார்கள். ஆனால் செட் குடிப்பது ஒரு பேட்டரியை மட்டும். இன்ஜின் ஓடும்போது சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் இரண்டையும் சேர்த்தே பார்க்கிறது. மொத்தம் 28 வந்துவிட்டதா என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும், எதற்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்று தெரியாது. காலியான கீழ்ப் பேட்டரி 13 வோல்ட்டில் மெதுவாக ஏறிக்கொண்டிருக்க, ஏற்கெனவே நிறைந்த மேல் பேட்டரியின் தலையில் 15 வோல்ட் விழுகிறது. அது கொதித்துத் தண்ணீரை இழக்கிறது. கீழே இருப்பது எப்போதும் அரை வயிற்றில் கிடந்து அதன் தகடுகளில் சல்ஃபேட் படிகிறது. இரண்டும் வெவ்வேறு நோயில் சாகின்றன, காரணம் ஒன்றுதான். கீழ்ப் பேட்டரிக்குத் தனியாக 12 வோல்ட் சார்ஜர் போட்டுப் பார்த்தும் அது தேறவில்லை. ஒன்றை மட்டும் மாற்றினால் பழையதும் புதியதும் சேர்ந்து அதே சமமின்மை திரும்ப வரும். அதனால் ஒரே கம்பெனி, ஒரே அளவு, ஒரே தேதியில் வாங்கிய ஜோடியாக இரண்டும் மாற்றப்பட்டன.

இரவுக் கணக்கு

எந்த செட் என்று பார்ப்பதற்கு முன் ஓர் இரவுக்கு எவ்வளவு கரண்ட் செலவாகலாம் என்று முடிவு செய்ய வேண்டும். பலர் பெட்டியில் அச்சிட்ட வாட்டைப் பார்த்து வாங்குகிறார்கள். “4 × 50 வாட்” என்று போட்ட சாதாரண செட்டின் பின்னால் 10 ஆம்பியர் ஃபியூஸ்தான் இருக்கும். 10 ஆம்பியரை 14 வோல்ட்டால் பெருக்கினால் 140 வாட், அதிலிருந்து 200 வாட் ஒலி வர வழியில்லை. தொடர்ந்து உண்மையாகக் கிடைப்பது சேனலுக்கு 15 முதல் 20 வாட். கேபின் அளவுக்கு அதுவே அதிகம்.

மெல்லிய சத்தத்தில் செட் ஏறக்குறைய 1.2 ஆம்பியர் எடுக்கும், கன்வர்ட்டர் இழப்பையும் சேர்த்தால் 20 வாட். 24 வோல்ட் சின்ன ஃபேன் 20 வாட். இரண்டு போன் சார்ஜ், இரவு முழுக்கச் சராசரியாக 15 வாட். எல்இடி விளக்கு 5. மொத்தம் 60 வாட், அதாவது 24 வோல்ட் பக்கம் 2.5 ஆம்பியர். இரவு 10 முதல் காலை 7 வரை ஒன்பது மணி நேரத்துக்கு 22.5 ஆம்பியர்-அவர். புதிய 120 பேட்டரியில் இது ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. சென்னை வெயிலில் இரண்டு மூன்று வருடம் உழைத்து 70 ஆகச் சுருங்கிய பேட்டரியில் மூன்றில் ஒரு பங்கு. அப்போதும் செல்ஃப் எடுக்கும். பழைய அமைப்பில் ஆம்பும் வூஃபரும் சேர்ந்து சராசரியாக 6 ஆம்பியர் குடித்தன. ஐந்து மணி நேரம் பாடினால் 30 ஆம்பியர்-அவர், அதுவும் ஒரே பேட்டரியிலிருந்து.

இதில் ஃபேனை விட முடியாது. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினுக்கு ஏசி கட்டாயமாகிவிட்டது, நல்ல விஷயம். ஆனால் கம்ப்ரஸர் இன்ஜின் பெல்ட்டில் ஓடும் வண்டிகளில் இன்ஜின் நின்றால் ஏசியும் நிற்கும். வரிசையில் நிற்கும்போது கண்ணாடி இறங்கித்தான் இருக்கும். கண்ணாடி இறங்கினால் உப்புக் காற்று உள்ளே வரும், பாட்டு வெளியே போகும். திருவொற்றியூர்ப் பக்கம் சாலையை ஒட்டியே வீடுகள். குடியிருப்புப் பகுதியில் இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல்தான் வரம்பு என்று 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. வூஃபர் அதிர்வு முதலில் போய்த் தட்டுவது அந்த வீட்டு ஜன்னலைத்தான்.

எந்த வழி

மூன்று வழிகள் பார்க்கப்பட்டன.

எளிதான வழி, செட்டே வேண்டாம், சார்ஜ் போடும் புளூடூத் ஸ்பீக்கர் ஒன்று போதும் என்பது. வாரத்துக்கு ஓரிரவு மட்டும் கேபினில் தூங்குகிறவருக்கு இதைத்தான் வாங்கச் சொல்ல வேண்டும்: வயரிங் இல்லை, பேட்டரிக்குச் சுமை இல்லை. ஆனால் மே மாத வெயிலில் டேஷ்போர்டின் மேல் விட்டுவிட்டால் உள்ளே இருக்கும் லித்தியம் பேட்டரி உப்பிவிடும். பிரேக் அடித்தால் காலடியில் உருண்டு பெடலுக்குக் கீழே போய்ச் சிக்கும், அது உயிர் விஷயம். இங்கே மாதம் பாதி இரவு கேபினில்தான் என்பதால் இந்த வழி விடப்பட்டது.

இரண்டாவது, 24 வோல்ட்டுக்கென்றே செய்த லாரி செட். கன்வர்ட்டர் வேண்டாம் என்பது பெரிய லாபம். வாங்கும்போது “12/24” என்ற ஸ்டிக்கரை நம்பக் கூடாது. கடையிலேயே 28.5 வோல்ட் கொடுத்து, பாடவிட்டு, ஒரு மணி நேரம் கழித்துப் பின்பக்கத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டும். கை வைக்க முடியாத சூடு என்றால் டேஷ்போர்டுக்குள் அது ஒரு கோடையைத் தாண்டாது.

மூன்றாவது, 12 வோல்ட் கார் செட்டும் 24-லிருந்து 12 ஆக்கும் கன்வர்ட்டரும். தேர்ந்தெடுத்தது இதை. செட் கெட்டால் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் கிடைக்கும் எந்தக் கார் செட்டையும் அதே இடத்தில் மாட்டலாம்; ஓட்டத்தில் வேறு ஊரில் இருந்தாலும் கிடைக்கும். லாரி செட்டுக்கு அந்த வசதி கிடையாது.

செட்டில் பார்த்த குணங்கள் இவை. சத்தத்துக்குச் சுழற்றும் குமிழ் இருக்க வேண்டும். சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் கை தேடிப் பிடிக்கும். முன், பின் ஸ்பீக்கரைப் பிரித்து ஏற்றி இறக்கும் ஃபேடர் இருக்க வேண்டும். விளக்கை மங்கவைக்கவோ அணைக்கவோ முடிய வேண்டும், நீல வெளிச்சத்தில் யாரும் தூங்க முடியாது. எஃப்எம்மோடு மீடியம் வேவும் எடுத்தால் இன்னும் நல்லது. டிஸ்க் இல்லாத மலிவு செட்டுகளில் பலவற்றில் மீடியம் வேவ் இருப்பதில்லை. 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையில் போன் சிக்னல் போன இடங்களில் வானிலைச் செய்தி கேட்க ரேடியோதான் மிஞ்சியது. சென்னை வானொலியின் 720 கிலோஹெர்ட்ஸும் 101.4 எஃப்எம்மும் முதல் இரண்டு பட்டனில் வைக்கப்பட்டன. தொடுதிரை ஆண்ட்ராய்டு செட் ஓனருக்குப் பிடித்திருந்தது. ஆனால் திரை எரியும் வரை 2 ஆம்பியருக்கு மேல் கேட்கும், இரவுக் கணக்கே உடைந்துவிடும்.

ஸ்பீக்கர்: பக்கத்தில் வை, மெதுவாக வை

சத்தம் எவ்வளவு கூட வைக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது ஸ்பீக்கர் இருக்கும் இடம். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் ஒலி 6 டெசிபல் குறையும். கதவு ஸ்பீக்கரிலிருந்து பர்த்தில் படுத்தவர் காதுக்கு ஒன்றரை மீட்டர். பர்த் பக்கச் சுவரில் வைத்தால் 40 சென்டிமீட்டர். காகிதக் கணக்கில் வித்தியாசம் 11 டெசிபலுக்கு மேல், அதாவது பன்னிரண்டில் ஒரு பங்குக்கும் குறைந்த கரண்டில் அதே சத்தம். கேபின் சுவர்களின் எதிரொலியால் அவ்வளவு கிடைக்காது. பாதி கிடைத்தாலும் எந்த ஆம்பும் தர முடியாத லாபம். வூஃபரும் ஆம்பும் கழற்றப்பட்டதற்கு இதுதான் காரணம்.

முன்பக்கம் இரண்டு கதவிலும் ஆறரை அங்குல கோஆக்ஸியல் ஸ்பீக்கர். பர்த்தின் இரு முனைச் சுவரிலும் நான்கு அங்குலம் ஒவ்வொன்று. எல்லாம் 4 ஓம், சென்சிட்டிவிட்டி (அதே கரண்டுக்கு எவ்வளவு சத்தம் தரும் என்ற அளவு) 90 டெசிபலுக்குக் குறையாதவை. 87-க்கும் 90-க்கும் உள்ள மூன்று டெசிபல் வித்தியாசம் பாதிக் கரண்ட் என்று பொருள். கோன் பாலிப்ரொப்பிலீன், சுற்று விளிம்பு ரப்பர். காகிதக் கோன் கடல் காற்றில் நமத்துப் போகும், ஃபோம் விளிம்பு சில வருடங்களில் பொடியாக உதிரும். ஒரு சேனலில் ஒரு ஸ்பீக்கர்தான். பழைய ஓவலையும் சேர்த்து இணையாக மாட்டினால் 2 ஓம் ஆகி செட்டின் ஐசி சூடாகி அடிக்கடி நின்றுவிடும்.

கதவில் துளை போடுவதற்கு முன் கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு ஆழம் அளக்க வேண்டும். இந்த வண்டியில் 52 மில்லிமீட்டர்தான் இருந்தது, ஸ்பீக்கர் ஆழம் 60. அதனால் 12 மில்லிமீட்டர் மரைன் ப்ளைவுட்டில் வளையம் அறுத்து, இருபக்கமும் வார்னிஷ் பூசி, முன்னால் தூக்கி வைக்கப்பட்டது. கதவுத் தகரத்தின் அதிர்வுக்கு ப்யூடைல் ஷீட். கூரைக்குப் போடும் தார் ஷீட் மலிவுதான், ஆனால் வெயிலில் இளகி வழியும், வாடை வரும். மனிதர் தூங்கும் இடத்தில் அது கூடாது.

பர்த் ஸ்பீக்கர் இரண்டுக்கும் ஒரு டபுள் போல் சுவிட்ச், தலைமாட்டில் கை எட்டும் இடத்தில். படுத்தவர் அதை அணைத்துவிட்டால் சீட்டில் இருப்பவர் முன் ஸ்பீக்கரில் மெதுவாகக் கேட்கலாம். படுத்துக் கேட்கும்போது ஃபேடரை முழுக்கப் பின்னால் தள்ளிவிடலாம். சுவிட்ச் வெட்டுவது இரண்டு சேனலின் பாசிட்டிவையும் தனித்தனியாக. நெகட்டிவ் இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போடவோ எர்த்தில் கட்டவோ கூடாது. இந்த செட்டுகளில் ஸ்பீக்கரின் இரண்டு வயரிலும் பாதி வோல்டேஜ் நிற்கிறது. எர்த்தில் பட்டால் ஐசி போய்விடும். பழைய காசெட் டெக் பழக்கத்தில் கை வைப்பவர்கள் செய்யும் முதல் தவறு இது.

கரண்ட் பாதை

கன்வர்ட்டர் 10 ஆம்பியர் தொடர்ந்து தரக்கூடியது. மலிவான கன்வர்ட்டரில் எழுதிய எண் உச்சத்துக்கானது, அதைப் பாதியாக எடுத்துக்கொள்வது நல்லது. சோதனை எளிது: 12 வோல்ட் 55 வாட் ஹாலோஜன் ஹெட்லைட் பல்பு இரண்டை இணையாக மாட்டினால் ஏறக்குறைய 10 ஆம்பியர் எடுக்கும். அரை மணி நேரம் எரியவிட்டு, வெளியீடு 13 வோல்ட்டுக்குக் கீழே இறங்குகிறதா, உடல் கை பொறுக்கும் சூட்டில் இருக்கிறதா என்று பார்த்தாயிற்று. உள்ளே டிரான்ஸிஸ்டர் ஷார்ட் ஆனால் முழு 28 வோல்ட்டும் செட்டுக்குப் போகும், கார் செட்டின் தாங்கும் எல்லை 16. அதனால் வெளியீட்டில் 10 ஆம்பியர் ஃபியூஸும் அதற்குப் பின்னால் எர்த்துக்கு, வோல்டேஜ் எகிறுவதைத் தடுக்கும் டிவிஎஸ் வகை டயோடு ஒன்றும் வைக்கப்பட்டன. வோல்டேஜ் ஏறினால் டயோடு ஷார்ட் ஆகி ஃபியூஸை எரிக்கும், செட் பிழைக்கும்.

கன்வர்ட்டரின் இடம் செட்டுக்குப் பின்னால், டேஷ்போர்டின் இரும்பில். பேட்டரியிலிருந்து அங்கே 6 மீட்டர். 2.5 சதுர மில்லிமீட்டர் வயரில் 24 வோல்ட் பக்கம் முழுச் சுமையில் 6 ஆம்பியர் போனால் போய்வரும் இழப்பு அரை வோல்ட், அது பொருட்டில்லை. கன்வர்ட்டரைப் பேட்டரி பக்கம் வைத்து அதே தூரத்துக்கு 12 வோல்ட்டை இழுத்திருந்தால் 10 ஆம்பியரில் 0.9 வோல்ட் போயிருக்கும். பேட்டரி முனையிலிருந்து 20 சென்டிமீட்டருக்குள் 10 ஆம்பியர் ஃபியூஸ். ஃபியூஸை டேஷ்போர்டில் வைத்தால் நடுவழியில் வயர் உரசி ஷார்ட் ஆகும்போது அதைக் காப்பாற்ற எதுவும் இருக்காது.

கேபின் முன்னால் கவிழும் வண்டி இது. வயர் கீல் பக்கத்தைத் தாண்டும் இடத்தில் 40 சென்டிமீட்டர் தளர்வு விட்டு, நெளிகுழாய்க்குள் போட்டு, கேபினை முழுக்கக் கவிழ்த்துப் பார்த்த பிறகே கடைசி க்ளிப் இறுக்கப்பட்டது. இதை மறந்த வண்டியில் முதல் ஆயில் சர்வீஸிலேயே வயர் அறுந்துவிடும்.

செட், ஃபேன், சார்ஜர், பர்த் விளக்கு எல்லாம் ஒரு லோ வோல்டேஜ் கட்-ஆஃப் வழியாகப் போகின்றன. 24.4 வோல்ட்டில் வெட்டும், அது ஏறக்குறைய பாதிப் பேட்டரி. 26.5 தாண்டினால்தான், அதாவது இன்ஜின் ஓடி சார்ஜ் ஏறினால்தான், மறுபடி சேர்க்கும். பார்க்கிங் லைட்டும் ஹசார்டும் இதன் வழியாகப் போகவே கூடாது. இருட்டில் நிற்கும் டிரெய்லரின் பின்விளக்கு பேட்டரி சேமிக்கும் இடமல்ல.

மாட்டிய பிறகு வந்தவை

முதல் வாரம் செல்ஃப் அடிக்கும்போதெல்லாம் செட் அணைந்து, உடனே சேர மறுத்தது. ஸ்டார்ட்டர் இழுக்கும் அந்த இரண்டு நொடியில் வோல்டேஜ் 19-க்கு இறங்க, கட்-ஆஃப் உடனே வெட்டிவிட்டது. தாமதத்தை 60 நொடியாக்கியதும் தீர்ந்தது. தாமதம் வைக்க முடியாத கட்-ஆஃபை வாங்கவே வேண்டாம்.

“கொய்ங்” சத்தம் குறைந்ததே தவிரப் போகவில்லை. இதற்கு ஃபில்டர் வாங்கி மாட்டுவதுதான் வழக்கம், பணம் வீண். ஹெட்லைட் போட்டு, இன்ஜின் ஓடும்போது, பேட்டரி நெகட்டிவுக்கும் கேபின் தகரத்துக்கும் இடையே அளந்ததில் 0.42 வோல்ட். கேபின் ரப்பர் புஷ்ஷில் மிதக்கிறது; சேஸிஸோடு அதை இணைப்பது ஒரு பின்னல் எர்த் பட்டை மட்டும். அது உப்பில் அரித்துப் போயிருந்தது. கேபினின் எர்த் கரண்டில் ஒரு பகுதி செட்டின் வயர் வழியாகவும் ஆன்டெனா கேபிளின் மேலுறை வழியாகவும் சுற்றி வந்துகொண்டிருந்தது, ஆல்டர்னேட்டர் சத்தத்தையும் சேர்த்துக்கொண்டு. புதுப் பட்டை போட்டு, இரண்டு முனையிலும் பெயின்டைச் சுரண்டி, இறுக்கிய பிறகு வாசலின் தடவியதும் 0.03 வோல்ட். சத்தம் நின்றது.

720-இல் மட்டும் ஒரு கரகரப்பு மிஞ்சியது. கன்வர்ட்டரின் சுவிட்சிங்தான் காரணம். ஆன்டெனா கேபிளை அதிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி, கன்வர்ட்டரின் வெளியீட்டு வயரை ஒரு ஃபெரைட் வளையத்தில் ஐந்து சுற்றுச் சுற்றியதும் செய்தி கேட்கிற அளவுக்குத் தெளிந்தது. எஃப்எம்மில் எப்போதாவது வந்த இரைச்சல், கிளீனரின் மலிவு போன் சார்ஜரைப் பிடுங்கினால் உடனே போனது, சார்ஜரை மாற்றினார்கள்.

ஒரு மாதம் கழித்து, ஓர் இரவு நின்ற காலையில் இரண்டு பேட்டரியும் 12.5. இந்த அளவை மாதம் ஒருமுறை எடுக்க வேண்டும். இரண்டுக்கும் 0.2-க்கு மேல் வித்தியாசம் வந்தால் யாரோ மறுபடி நடுவிலிருந்து வயர் எடுத்திருக்கிறார்கள் என்று தேட வேண்டும். சின்ன விளக்கு மாட்ட வந்த எலக்ட்ரீஷியன்கூட அதைச் செய்வார். கடலோர ஓட்டம் என்பதால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எர்த் முனை, ஃபியூஸ் ஹோல்டர், ஸ்பீக்கர் முனை மூன்றையும் கழற்றித் துடைத்து மாட்ட வேண்டும். வயர் இணைப்புகளைக் க்ரிம்ப் செய்து ஹீட் ஷ்ரிங்க் போட்டிருக்கிறது. இன்சுலேஷன் டேப் இந்த வெயிலில் பசை இளகி அவிழ்ந்துவிடும்.

இன்னும் ஒன்று ஓனர் மறக்கக் கூடாது. டிரெய்லர்ப் பக்கம் வெல்டிங் வேலை வந்தால், மாதவரத்துப் பட்டறையாக இருந்தாலும் சாலையோரமாக இருந்தாலும், முதலில் பேட்டரி நெகட்டிவைக் கழற்றச் சொல்ல வேண்டும். இன்ஜின் ஓடும்போது மட்டும் பேட்டரி இணைப்பைக் கழற்றவே கூடாது. அந்த நொடியில் ஆல்டர்னேட்டரிலிருந்து நூறு வோல்ட்டுக்கு மேல் எகிறும். கன்வர்ட்டரும் செட்டும் மட்டுமல்ல, இன்ஜின் கன்ட்ரோல் யூனிட்டும் சேர்ந்து போகும்.